நியூயார்க் எவ்வளவு தூரம்?

உலகப் படம் ஒன்றை மேஜைமீது விரித்து வையுங்கள். பள்ளிக்கூடச் சுவரில் தொங்கும் சாதாரணப் படமே போதும். அதில் முதலில் சிங்கப்பூரைக் கண்டுபிடியுங்கள். மலாய்த் தீபகற்பத்தின் நுனியில், பூமத்தியரேகையை ஒட்டி, ஒரு சிறு புள்ளியாக அது தெரியும். பிறகு படத்தின் இடப்பக்கத்தில், அமெரிக்காவின் கிழக்குக் கரையில் உள்ள நியூயார்க்கைத் தேடிப் பிடியுங்கள். இரண்டு புள்ளிகளையும் அளவுகோலால் இணைத்து, பென்சிலால் மெல்லிய கோடு ஒன்று போடுங்கள்.

கோடு எங்கெல்லாம் போகிறது? சிங்கப்பூரிலிருந்து மேற்கே புறப்பட்டு, இலங்கையைத் தாண்டி, அரபிக்கடலைக் கடந்து, சகாராப் பாலைவனத்தின் நடுவே புகுந்து, அட்லாண்டிக் சமுத்திரத்தைக் குறுக்கே கடந்து நியூயார்க்கை அடைகிறது. "இரு புள்ளிகளுக்கு இடையே மிகக் குறுகிய பாதை நேர்கோடு என்று ஜியோமிதியில் படித்திருக்கிறோமே! ஆகவே விமானம் செல்லவேண்டிய வழி இதுதான்" என்று நீங்கள் சொல்லக்கூடும்.

இந்தப் படம் மெர்க்கேட்டர் முறையில் வரையப்பட்டதானால், அந்தப் பென்சில் கோட்டின் வழியே பறக்கும் விமானம் சுமார் 18,500 கி.மீ. பறக்க வேண்டியிருக்கும். ஆனால் இவ்விரு நகரங்களுக்கும் இடையே உள்ள மிகக் குறுகிய தொலைவு 15,350 கிலோமீட்டருக்கும் சற்றுக் குறைவு. கோட்டை நம்பிப் போனால் 3,000 கி.மீ.க்கு மேல் வீண் பயணம். மூன்று மணி நேரத்துக்கு மேல் வீண் நேரம்! சாலையில் போகும் வண்டியில் எண்ணெய் தீர்ந்தால் ஓரமாக நிறுத்திக்கொள்ளலாம். நடுச் சமுத்திரத்தின்மேல் பறக்கும் விமானத்துக்கு அந்த வசதி கிடையாது. எனவே "எவ்வளவு தூரம்? எவ்வளவு நேரம்?" என்ற இரண்டு கேள்விகளுக்கும் சரியான விடை தெரிந்த பிறகுதான் அது தரையை விட்டுக் கிளம்ப முடியும். அந்த விடைகளை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்று பார்ப்போம்.

நூலும் உருண்டையும்

பென்சில் கோடு ஏன் நம்மை ஏமாற்றியது? பூமி உருண்டை, காகிதம் தட்டை. சாத்துக்குடிப் பழத்தின் தோலை உரித்து மேஜைமீது தட்டையாக அமுக்கிப் பாருங்கள். எங்காவது கிழியும், அல்லது எங்காவது இழுபடும். பூமியின் படமும் அப்படித்தான். 1569-ஆம் ஆண்டில் மெர்க்கேட்டர் வெளியிட்ட படம் மாலுமிகளுக்குப் பெரிதும் உதவியது. அந்தப் படத்தில் ஒரு நேர்கோட்டைப் பிடித்துக்கொண்டு போனால், திசைகாட்டி முள் காட்டும் கோணத்தை மாற்றாமலே ஊர் போய்ச் சேரலாம். ஆனால் இந்த வசதிக்காகப் படம் ஒரு விலை கொடுத்திருக்கிறது. வடக்கே செல்லச் செல்ல எல்லாம் பெரிதாக இழுக்கப்பட்டிருக்கும். உண்மையில் 60 பாகை அட்சரேகையின் சுற்றளவு பூமத்தியரேகையின் சுற்றளவில் பாதிதான். படத்திலோ இரண்டும் ஒரே நீளமாகத் தெரியும்.

ஆகவே படத்தைச் சுருட்டி வைத்துவிட்டு, பூகோள உருண்டை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூர்மீது நூலின் ஒரு முனையை விரலால் அழுத்திப் பிடித்து, மறுமுனையை நியூயார்க்குக்குக் கொண்டுபோய், நூலை விறைப்பாக இழுங்கள். நூல் சகாராவின் பக்கமே போகாது! நேரே வடக்கு நோக்கி ஏறும். தாய்லாந்து வளைகுடா, இந்தோசீனா, சீனாவின் மேற்குப் பகுதி, மங்கோலியா, சைபீரியா எனச் சென்று, ஆர்க்டிக் சமுத்திரத்தில் வட துருவத்தை ஏறக்குறையத் தொட்டுவிட்டு, மறுபுறம் கிரீன்லாந்தின் வடமேற்கு முனை, பாஃபின் தீவு, கியூபெக் வழியாக இறங்கி நியூயார்க்கை அடையும்.

விறைப்பாக இழுத்த நூல் காட்டும் பாதைக்குப் "பெருவட்டப் பாதை" என்று பெயர். உருண்டையின் மையம் வழியாகச் செல்லுமாறு கத்தியால் அதை இரண்டாக வெட்டினால், வெட்டு விளிம்பில் கிடைக்கும் வட்டமே பெருவட்டம். ஓர் உருண்டையின்மேல் வரையக்கூடிய மிகப் பெரிய வட்டம் அதுதான். இரண்டு ஊர்களையும் பூமியின் மையத்தையும் சேர்த்து ஒரே வெட்டில் வெட்டினால், அந்த விளிம்பின் சிறிய பகுதிதான் அவ்விரு ஊர்களுக்கும் இடையே மிகக் குறுகிய வழி.

நூலின் நீளத்தை அளந்து பாருங்கள். உங்கள் உருண்டையின் விட்டம் 30 செ.மீ. எனக் கொள்வோம். அதன் சுற்றளவு 94.2 செ.மீ. பூமியின் சுற்றளவோ சுமார் 40,030 கி.மீ. ஆகவே உருண்டையில் ஒரு சென்டிமீட்டர் என்பது பூமியில் 425 கி.மீ. ஆகும். நூல் ஏறத்தாழ 36 செ.மீ. இருக்கும். 36 × 425 = 15,300. கையில் ஒரு முழ நூலை வைத்துக்கொண்டே கண்டங்களை அளந்துவிட்டீர்கள்!

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

நூல் தோராயமாகச் சொன்னதைக் கணக்கு துல்லியமாகச் சொல்லும். அதற்கு நான்கு எண்கள் வேண்டும்.

சிங்கப்பூர் விமான நிலையம்: வட அட்சம் 1.36 பாகை, கிழக்குத் தீர்க்கம் 103.99 பாகை.
நியூயார்க் கென்னடி விமான நிலையம்: வட அட்சம் 40.64 பாகை, மேற்குத் தீர்க்கம் 73.78 பாகை.

ஒன்று கிழக்கு, மற்றது மேற்கு. ஆகவே தீர்க்கரேகைகளின் வித்தியாசம் 103.99 + 73.78 = 177.77 பாகை. 180 பாகைக்கு மிக அருகில் இருக்கிறது அல்லவா? அதாவது, இந்த இரண்டு ஊர்களும் ஏறக்குறைய பூமியின் எதிரெதிர்ப் பக்கங்களில் உள்ள தீர்க்கரேகைகளில் இருக்கின்றன. இது நமக்கு ஒரு சுலபமான வழியைத் திறந்து விடுகிறது.

வித்தியாசம் சரியாக 180 பாகை என்றே முதலில் வைத்துக்கொள்வோம். அப்போது குறுகிய வழி நேராகத் துருவத்தின்மேல் செல்லும். சிங்கப்பூரிலிருந்து துருவத்துக்கு 90 − 1.36 = 88.64 பாகை. துருவத்திலிருந்து நியூயார்க்குக்கு 90 − 40.64 = 49.36 பாகை. இரண்டையும் கூட்டினால் 138.00 பாகை. பூமியின் சராசரி ஆரம் 6,371 கி.மீ. ஆதலால், ஒரு பாகைக்கு 111.19 கி.மீ. வருகிறது. 138 × 111.19 = 15,344 கி.மீ. வெறும் கூட்டல், கழித்தல், பெருக்கல் மூன்றும் தெரிந்தாலே போதும்!

எந்த இரண்டு ஊர்களுக்கும் பொருந்தக்கூடிய பொதுவான சூத்திரமும் உண்டு. கோணவியலில் சைன், கொசைன் படித்தவர்கள் இதைப் பயன்படுத்தலாம்:

கொசைன் (இடைக்கோணம்) = சைன் (முதல் அட்சம்) × சைன் (இரண்டாம் அட்சம்) + கொசைன் (முதல் அட்சம்) × கொசைன் (இரண்டாம் அட்சம்) × கொசைன் (தீர்க்க வித்தியாசம்)

நம் எண்களை இட்டுப் பார்ப்போம். முதல் பகுதி: 0.0237 × 0.6513 = 0.0155. இரண்டாம் பகுதி: 0.9997 × 0.7588 × (−0.9992) = −0.7580. கூட்டினால் −0.7425. (90 பாகைக்கு மேற்பட்ட விரிகோணத்தின் கொசைன் எதிர்க்குறி உடையது என்பதை மறவாதீர்கள்.) இந்தக் கொசைனுக்கு உரிய கோணம் 137.95 பாகை. 111.19 ஆல் பெருக்கினால் 15,339 கி.மீ.

பூமி சரியான உருண்டை அன்று. துருவங்களில் சற்றே தட்டையானது. அந்தத் தட்டையையும் கணக்கில் சேர்த்தால் சுமார் 15,349 கி.மீ. கிடைக்கிறது. நமது கணக்குக்கும் அதற்கும் வேறுபாடு வெறும் 10 கி.மீ.; ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. பூமியில் எந்த இரண்டு இடங்களுக்கும் இடையே இருக்கக்கூடிய மிக அதிகத் தொலைவு அதன் சுற்றளவில் பாதி, அதாவது சுமார் 20,015 கி.மீ. சிங்கப்பூர்–நியூயார்க் தொலைவு அதில் முக்கால் பங்குக்கும் மேல்!

தூரம் தெரிந்தால் நேரம் தெரியுமா?

தூரத்தை வேகத்தால் வகுத்தால் நேரம். ஏழாம் வகுப்பு மாணவருக்கும் தெரிந்த விதி. செய்து பார்ப்போம்.

இந்த வழியில் பறக்கும் ஏர்பஸ் ஏ350 விமானம், ஒலியின் வேகத்தில் 0.85 பங்கு வேகத்தில் செல்லும். தரைக்கு மேலே 11 கி.மீ. உயரத்தில் காற்றின் வெப்பநிலை சுமார் −56 பாகை செல்சியஸ். குளிர்ந்த காற்றில் ஒலி மெதுவாகச் செல்லும். அங்கே அதன் வேகம் வினாடிக்கு 295 மீட்டர், அதாவது மணிக்கு 1,062 கி.மீ. அதில் 0.85 பங்கு மணிக்கு 903 கி.மீ. ஆகவே 15,339 ÷ 903 = 17 மணி. மேலே ஏறவும் கீழே இறங்கவும் ஓர் அரை மணி சேர்த்தால் பதினேழரை மணி.

ஆனால் கால அட்டவணையைப் பாருங்கள். பருவத்தையும் திசையையும் பொறுத்து 18 மணிக்கும் 19 மணிக்கும் இடைப்பட்ட நேரமே அதில் போட்டிருக்கும். அதோடு, விமானம் பெரும்பாலும் நாம் நூலால் காட்டிய வழியில் போவதும் இல்லை! ஜப்பானை ஒட்டிப் பசிபிக் சமுத்திரத்தைக் கடந்து, அலாஸ்கா, கனடா வழியாக நியூயார்க் போகிறது. குறுகிய வழி இருக்கச் சுற்று வழி ஏன்?

ஆகாயத்தில் ஓர் ஆறு

ஓடும் ஆற்றில் படகு செலுத்துவதை நினைத்துக்கொள்ளுங்கள். துடுப்புப் போடும் வேகம் ஒன்றேயானாலும், ஆற்றோடு போனால் கரையில் உள்ள மரங்கள் விரைவாகப் பின்னால் ஓடும். ஆற்றை எதிர்த்துப் போனால் மெதுவாக நகரும். விமானத்துக்குக் காற்றுதான் ஆறு. மணிக்கு 903 கி.மீ. என்று நாம் கணக்கிட்டது காற்றுக்குச் சார்பான வேகம். பயணம் முடிவதோ தரைக்குச் சார்பான வேகத்தைப் பொறுத்தது. காற்றும் அதே திசையில் மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் வீசினால் தரை வேகம் 1,003 ஆகிறது. எதிரே வீசினால் 803 ஆகக் குறைகிறது.

விமானங்கள் பறக்கும் உயரத்தில், நடு அட்சரேகைகளுக்கு மேலே, மேற்கிலிருந்து கிழக்காக ஓடும் வலிய காற்றாறுகள் உள்ளன. இவற்றை "ஜெட் காற்றோட்டம்" என்கிறார்கள். மணிக்கு 100, 200 கி.மீ. என்பது இவற்றில் சாதாரணம். குளிர்காலத்தில் 300 கிலோமீட்டரையும் தாண்டும். 1920-களில் ஊயிஷி வாசபுரோ என்ற ஜப்பானிய வானிலை அறிஞர் பலூன்களை மேலே அனுப்பி, அவை விலகிச் செல்லும் விதத்தைத் தொலைநோக்கியால் கவனித்து, இந்தக் காற்றை அளந்தார். உலகம் முழுவதும் படிக்கட்டும் என்று எண்ணித் தம் முடிவுகளை 1926-இல் எஸ்பெராண்டோ என்ற பொதுமொழியில் வெளியிட்டார். அந்த மொழி தெரிந்தவர்கள் மிகச் சிலரே. பிற நாட்டார் கண்ணில் அது படவில்லை. 1944-இல் ஜப்பான்மீது மிக உயரத்தில் பறந்த அமெரிக்கப் போர் விமானிகள், எதிர்க்காற்றில் தங்கள் விமானங்கள் ஊர்ந்து செல்வதைக் கண்டு திகைத்தார்கள். ஊயிஷி அளந்து வைத்திருந்த அதே காற்றுதான் அது!

இந்தக் காற்றின் வலிமைக்கு அண்மைக் கால உதாரணம் ஒன்று உண்டு. நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 5,540 கி.மீ. வழக்கமாக ஏழு மணி நேரம் பிடிக்கும் பயணம். 2020 பிப்ரவரியில் ஒரு பெரும் புயல் பின்னாலிருந்து தள்ள, ஒரு போயிங் 747 விமானம் 4 மணி 56 நிமிடத்தில் அந்தத் தொலைவைக் கடந்தது. அதன் தரை வேகம் மணிக்கு 1,300 கிலோமீட்டரைத் தொட்டது. "அப்படியானால் அது ஒலியின் வேகத்தைத் தாண்டிவிட்டதா?" என்று கேட்பீர்கள். இல்லை. ஒலித்தடையைத் தாண்டுவது காற்றுக்குச் சார்பான வேகத்தைக் கொண்டு சொல்லப்படுவது. அந்தக் காற்றுக்குள் விமானம் தன் வழக்கமான வேகத்திலேயே பறந்தது. காற்றே அதைச் சுமந்துகொண்டு ஓடியது!

இப்போது நம் புதிருக்கு வருவோம். பசிபிக் வழி 16,600 கி.மீ. என்றும், அந்த வழியில் சராசரியாக மணிக்கு 100 கி.மீ. பின்காற்று கிடைக்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். 16,600 ÷ 1,003 = 16.6 மணி. துருவ வழியில் காற்றின் உதவி இல்லையென்றால் 17 மணி. ஆயிரத்து இருநூறு கிலோமீட்டருக்கு மேல் சுற்றிப் போன விமானம் ஏறக்குறைய 24 நிமிடம் முன்னதாகப் போய்ச் சேர்கிறது! காற்று நாளுக்கு நாள் மாறும். ஆதலால் ஒவ்வொரு நாளும் வானிலை அறிக்கையைப் பார்த்துப் பாதையைப் புதிதாக வகுக்கிறார்கள். தரையில் மிகக் குறுகிய பாதையைத் தேடுவதில்லை. காற்றுக்குள் மிகக் குறைந்த நேரப் பாதையைத் தேடுகிறார்கள்.

திரும்பி வரும்போதும் பல நாட்களில் விமானம் போன வழியே வருவதில்லை. நியூயார்க்கிலிருந்து அட்லாண்டிக், ஐரோப்பா, மேற்கு ஆசியா, இந்தியா எனக் கிழக்கு நோக்கியே பறந்து சிங்கப்பூர் வந்து சேர்கிறது. போகும்போதும் கிழக்கு, வரும்போதும் கிழக்கு! அப்படிப் போய் வந்த பயணி தம்மை அறியாமலே உலகத்தை ஒரு முறை சுற்றி வந்துவிடுகிறார்.

துருவத்தின்மேல் ஏன் போவதில்லை?

காற்று மட்டும் காரணம் அன்று. துருவ வழியில் வேறு சில சிக்கல்களும் உள்ளன.

முதலாவது, இறங்க இடம். இரண்டு என்ஜின் கொண்ட விமானத்தில் ஒன்று நின்றுவிட்டால், மற்றொன்றைக் கொண்டு பறந்து ஏதேனும் ஒரு விமான நிலையத்தை அடைந்தாக வேண்டும். 1953-இல் அமெரிக்காவில் வகுத்த விதிப்படி, இரட்டை என்ஜின் விமானங்கள் எந்நேரமும் ஒரு விமான நிலையத்துக்கு 60 நிமிடத் தொலைவுக்குள்ளேயே பறக்க வேண்டியிருந்தது. என்ஜின்களின் நம்பகம் உயர உயர இந்த வரம்பும் தளர்ந்தது. ஏ350-900 விமானத்துக்கு 2014-இல் 370 நிமிடம்வரை அனுமதி கிடைத்தது. ஆயினும் பாதையை வகுப்பவர் ஒவ்வொரு கட்டத்திலும் "இப்போது ஓர் என்ஜின் நின்றால் எங்கே இறங்குவது?" என்ற கேள்விக்கு விடை எழுதி வைத்தே ஆகவேண்டும்.

இரண்டாவது, குளிர். விமான எரிபொருளில் ஒரு வகை −47 பாகையில் உறையத் தொடங்கும். மற்றொரு வகை −40 பாகையிலேயே. துருவப் பகுதியில் வெளிக்காற்று இதைவிடக் குளிராக இருக்கும். இறக்கைகளுக்குள் உள்ள எரிபொருள் நெடுநேரம் அந்தக் குளிரில் இருந்தால் ஆபத்து. அதன் வெப்பநிலையை விமானி அடிக்கடி பார்த்துக்கொண்டிருப்பார். அளவுக்கு மேல் குறைந்தால் சற்றுக் கீழே இறங்குவார், அல்லது வேகத்தைக் கூட்டுவார்.

மூன்றாவது, உயர்ந்த நிலம். நம் நூல் திபெத்துப் பீடபூமியின் கிழக்கு விளிம்பை ஒட்டிச் சென்றது. விமான அறைக்குள் காற்றழுத்தம் திடீரெனக் குறைந்தால், பயணிகள் இயல்பாக மூச்சுவிட விமானம் சுமார் 3,000 மீட்டர் உயரத்துக்கு இறங்க வேண்டும். திபெத்தின் தரையே பெரும்பாலும் 4,000 மீட்டருக்கு மேல் உயர்ந்தது. இறங்குவதற்குத் தரை விடாது!

நான்காவது, நாடுகளின் எல்லை. ஆகாயத்துக்கும் சொந்தக்காரர்கள் உண்டு. 2022 பிப்ரவரியில் உக்ரைன் போர் மூண்டதும், ரஷ்யாவும் பல ஐரோப்பிய நாடுகளும் அமெரிக்காவும் தத்தம் வான்வெளியை ஒருவருக்கொருவர் மூடிக்கொண்டன. ஃபின்லாந்தின் ஹெல்சிங்கியிலிருந்து ஜப்பானின் டோக்கியோவுக்கு முன்பு சைபீரியா வழியாக ஒன்பதரை மணியில் போன ஃபின்லாந்து விமானங்கள், அதன் பிறகு ஏறத்தாழ 13 மணி நேரம் பறக்க வேண்டியதாயிற்று. இரு நகரங்களும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. அவற்றின் இடையே உள்ள தொலைவும் மாறவில்லை. பயண நேரம் மட்டும் மாறிவிட்டது.

எரிபொருளைச் சுமக்க எரிபொருள்

ஒரு மணி, அரை மணி என்று ஏன் இவ்வளவு கணக்குப் பார்க்க வேண்டும்? எடையைப் பார்த்தால் விளங்கும்.

சாதாரண ஏ350-900 விமானத்தில் 1,41,000 லிட்டர் எரிபொருள் கொள்ளும். இந்த நெடும் பயணத்துக்கென்று அமைத்த வகையில் 1,65,000 லிட்டர் கொள்ளும். லிட்டருக்கு 0.8 கிலோகிராம் எனக் கொண்டால் இது 132 டன். விமானம் தரையை விட்டு எழும்போது இருக்கக்கூடிய அதிகபட்ச மொத்த எடை 280 டன். அதாவது தொட்டிகள் நிரம்பினால், மொத்த எடையில் ஏறக்குறைய பாதி எரிபொருளே! பதினெட்டாவது மணியில் எரிய வேண்டிய எண்ணெயை முதல் பதினேழு மணி நேரமும் சுமந்தாக வேண்டும். அப்படிச் சுமக்கவும் எண்ணெய் செலவாகும். எடையைக் குறைக்க வேறு வழியின்றி, சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் நிறுவனம் இந்த விமானத்தில் 161 இருக்கைகளை மட்டும் அமைத்தது. சாதாரண ஏ350-900-இல் 300 பேருக்கு மேல் அமரலாம்.

இந்நிறுவனம் 2004-இல் நான்கு என்ஜின் கொண்ட ஏ340-500 விமானத்தால் சிங்கப்பூருக்கும் நியூயார்க்கை அடுத்த நுவார்க் நகருக்கும் இடைநில்லாப் பயணத்தைத் தொடங்கியது. எண்ணெயை மிகுதியாகக் குடிக்கும் அந்த விமானத்தால் கட்டுப்படியாகவில்லை, 2013-இல் நிறுத்தப்பட்டது. இரண்டே என்ஜின்களில் இயங்கும் ஏ350 வந்த பிறகு 2018-இல் மீண்டும் தொடங்கியது. 2020 நவம்பரில் கென்னடி விமான நிலையத்துக்கும் சேவை வந்தது.

மணிக்குச் சராசரி ஐந்தரை டன் எரிபொருள் எரிகிறது எனக் கொள்வோம். 18 மணிக்கு ஏறத்தாழ 100 டன். ஒரு கிலோகிராம் விமான எரிபொருள் எரிந்தால் 3.16 கிலோகிராம் கரியமில வாயு வெளிப்படும். (எரியும்போது காற்றிலுள்ள ஆக்சிஜனும் சேர்வதால் எடை கூடுகிறது.) ஆகவே ஒரு பயணத்தில் 316 டன் கரியமில வாயு, 161 பேரும் ஏறியிருந்தால் ஆளுக்கு ஏறத்தாழ 2 டன்! மேலே பார்த்த 24 நிமிட மிச்சம் இப்போது சிறியதாகத் தோன்றுகிறதா? அது 2 டன்னுக்கு மேற்பட்ட எரிபொருள். ஆறு டன்னுக்கு மேற்பட்ட கரியமில வாயு.

இவ்வளவு சிக்கனத்திலும் தொடக்கூடாத ஒரு பங்கு உண்டு. போய்ச் சேரும் ஊரில் இறங்க முடியாமற் போனால் வேறோர் ஊருக்குப் போகவும், அங்கே மேலும் 30 நிமிடம் வட்டமிடவும் போதிய எரிபொருள் மிச்சம் இருக்க வேண்டும் என்பது சர்வதேச விதி.

காணாமற்போன செவ்வாய்க்கிழமை

கடைசியாக, கடிகாரக் கணக்கு. பூமி 24 மணியில் 360 பாகை சுழல்வதால் 15 பாகைக்கு ஒரு மணி. சிங்கப்பூரின் தீர்க்கம் 104 பாகை; ஆகவே கிரீன்விச்சைவிட 7 மணி முன்னதாக இருக்க வேண்டும். ஆனால் 1982 முதல் அங்கே 8 மணி முன்னதாகவே கடிகாரம் வைத்திருக்கிறார்கள். நேரத்தைச் சூரியன் மட்டும் தீர்மானிப்பதில்லை, அரசாங்கமும் தீர்மானிக்கிறது! நியூயார்க் குளிர்காலத்தில் கிரீன்விச்சுக்கு 5 மணி பின்தங்கியும், கோடையில் 4 மணி பின்தங்கியும் இருக்கும். ஆகவே இரு நகரங்களுக்கும் இடையே குளிர்காலத்தில் 13 மணி, கோடையில் 12 மணி வித்தியாசம். கோடையில் இரண்டு ஊர்க் கடிகாரங்களிலும் முட்கள் ஒரே இடத்தில் நிற்கும். ஒன்றில் பகல், மற்றதில் இரவு.

குளிர்காலத்தில் ஒருவர் திங்கட்கிழமை பிறக்கும் நள்ளிரவு 12 மணிக்குச் சிங்கப்பூரில் புறப்படுகிறார். பயணம் பதினெட்டரை மணி. சிங்கப்பூர்க் கடிகாரப்படி திங்கள் மாலை 6.30-க்கு இறங்குகிறார். 13 மணி கழித்தால், நியூயார்க்கில் திங்கள் காலை 5.30. இரவில் ஏறி அதே நாள் விடியலில் இறங்கிவிட்டார்!

அவர் அன்றிரவே 10.30-க்கு நியூயார்க்கிலிருந்து திரும்புவதாக வைத்துக்கொள்வோம். அப்போது சிங்கப்பூரில் செவ்வாய் முற்பகல் 11.30. பதினெட்டரை மணி சேர்த்தால் புதன்கிழமை காலை 6 மணி. திங்கள் இரவு ஏறியவர் புதன் காலை இறங்குகிறார். செவ்வாய்க்கிழமை முழுவதும் ஆகாயத்திலேயே கழிந்துவிட்டது! 1522-இல் மெகல்லனின் கப்பலில் உலகைச் சுற்றி வந்தவர்கள், தங்கள் நாட்குறிப்பில் ஒரு நாள் குறைவதைக் கண்டு குழம்பினார்கள். அவர்கள் மேற்கு நோக்கியே சென்றதால் அந்த நாளைச் சிறுகச் சிறுக இழந்திருந்தார்கள். இத்தகைய கணக்குகளில் குழப்பம் வராமலிருக்க ஒரே வழி: புறப்பாடு, வருகை இரண்டையும் ஒரே ஊர்க் கடிகாரத்துக்கு மாற்றிக்கொண்டு பிறகு கழியுங்கள்.

நீங்களே செய்து பாருங்கள்

1. லண்டன் விமான நிலையம் வட அட்சம் 51.47 பாகை, மேற்குத் தீர்க்கம் 0.45 பாகையில் உள்ளது. சிங்கப்பூரிலிருந்து அதன் தொலைவைச் சூத்திரத்தால் கண்டுபிடியுங்கள். பிறகு உருண்டையில் நூலால் அளந்து சரிபாருங்கள்.

2. இரு ஊர்களுக்கு இடையே 4,000 கி.மீ. காற்றே இல்லாதபோது விமானத்தின் வேகம் மணிக்கு 900 கி.மீ. ஒரு நாள் மணிக்கு 100 கி.மீ. காற்று, போகும்போது பின்னாலிருந்தும் வரும்போது எதிரேயும் வீசுகிறது. போகும்போது கிடைத்த லாபமும் வரும்போது வந்த நஷ்டமும் சரிக்குச் சரியாகுமா?

3. கோடைக்காலத்தில் சிங்கப்பூரில் வெள்ளி காலை 10 மணிக்குப் புறப்பட்டு 18 மணி பறந்தால், நியூயார்க்கில் என்ன கிழமை, என்ன மணி?

விடைகள்: (1) இடைக்கோணம் 97.86 பாகை, தொலைவு சுமார் 10,880 கி.மீ. (2) ஆகாது. காற்றோடு 4 மணி, எதிர்த்து 5 மணி. ஆக 9 மணி. காற்று இல்லையெனில் 8 மணி 53 நிமிடமே. எதிர்க்காற்றில் அதிக நேரம் சிக்கியிருப்பதால் நஷ்டமே மிகுதி. (3) வெள்ளி மாலை 4 மணி.